அறியாமைத் தகுதித் தேர்வு

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் எந்தத் தேர்விலும் தோற்றதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். என் தம்பி ஓட்டுநர் உரிமத் தேர்வில் வண்டியைச் சுவரில் மோதிய பிறகும் தேறினான். சுவர்தான் தவறான இடத்தில் இருந்தது என்று அதிகாரியே ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்ட வம்சத்தில் மூத்தவனாகப் பிறந்த நான், ஒன்றும் தெரியாதவன் என்று பெயர் வாங்குவதற்காக விழுந்து விழுந்து படித்தேன் என்றால், அதற்கு ஒரே காரணம் அயல்மொழித் தேர்ச்சி வாரியம்.

விஷயம் இதுதான். என் மகள் வெளிநாட்டில் பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அந்த நாட்டுக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். நான் சம்மதமில்லை என்றேன். குடும்பத்தின் மூத்தவர் முதலில் அப்படித்தான் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் சரி என்றால் பெண்ணுக்குத்தான் மதிப்புக் குறைவு. உரிய காலம் கழித்து, உரிய முறையில் சம்மதித்தேன்.

கல்யாணம் அந்த நாட்டில். பெண்ணின் தகப்பனார் சபையில் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

"நீங்க நம்ம மொழியிலயே பேசுங்கப்பா. நான் பக்கத்துல நின்னு மாத்திச் சொல்லிடறேன்" என்றாள் மகள்.

கல்யாணப் பெண் தன் அப்பனுக்கு மொழிபெயர்ப்பாளராக நிற்பதா? பேச்சில்லாத வீட்டிலிருந்து பெண் எடுத்தோம் என்று சம்பந்தி வீட்டார் நினைக்க மாட்டார்களா? ஆனாலும் நான் மறுப்புச் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு அந்த மொழி தெரியும். தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. கையில் தாள்கூட இல்லாமல் எழுந்து, அவர்கள் மொழியிலேயே பேசி, அத்தனை பேரையும் வாயடைக்க வைப்பது என்று தீர்மானித்திருந்தேன். அதற்காகத் தொலைபேசியில்கூட ஒரு சொல்லை வெளியே விடவில்லை.

மொழி எனக்குத் தொலைக்காட்சியில் கிடைத்தது. அந்த நாட்டு அலைவரிசை ஒன்று எங்கள் வீட்டில் தெரியும். காலையில் செய்தி, மதியம் பழைய சாமான் ஏலம், சாயங்காலம் ஒரு மாவு ஆலைக்காக மூன்று தலைமுறை அடித்துக்கொள்ளும் தொடர். தொடரை என் மனைவிதான் பார்ப்பாள், பட்டாணி உரித்துக்கொண்டு. நான் அதே அறையில், அதே நேரத்தில், அதே திசையில் முகத்தை வைத்து உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். அதுபோக ரேடியோவில் பந்தாட்ட வர்ணனை, மகள் அனுப்பும் சாமான்களைச் சுற்றிவரும் செய்தித்தாள் என்று ஒன்றையும் வீணாக்கவில்லை.

மகளின் கல்யாணத்துக்குப் பெற்றோராகப் போவதானால் வாரியத்தின் முதல்நிலைச் சான்றிதழ் வேண்டும். அது இருந்தால்தான் நுழைவு அனுமதி என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அலுவலக நடைமுறை எனக்குப் புதிதல்ல. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"எங்க படிச்சீங்க?"

"வீட்டுல."

"வீட்டுக்கு அங்கீகாரம் இருக்கா?"

"கட்டும்போது வாங்கினது இருக்கு. டிவி பாத்துக் கத்துக்கிட்டேன்மா."

அவள் விரல்கள் நின்றன. பக்கத்து இருக்கையைப் பார்த்து, "அக்கா, இன்னொரு டிவி" என்றாள்.

"டிவியா ரேடியோவான்னு சரியா கேளு. ரேடியோன்னா மாடிக்கு அனுப்பணும்."

"டிவிதான். கொஞ்சம் ரேடியோவும் உண்டு" என்றேன். உண்மையை மறைக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

"கலப்பு" என்று எழுதிக்கொண்டாள்.

என்னை முறைசாரா மொழிவரவுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். துக்கம் விசாரிக்கும் குரலில் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மொழி தெரியறது வேற, மொழி கத்துக்கறது வேற. தெரிஞ்சவங்களுக்கு நாங்க சான்றிதழ் குடுக்கறதில்ல. கத்துக்கிட்டவங்களுக்குத்தான் குடுக்கறோம். நாளைக்கு ஆளாளுக்கு வீட்டுலயே தெரிஞ்சுக்க ஆரம்பிச்சா, நாங்க இத்தனை பேர் இங்க எதுக்கு உக்காந்திருக்கோம்? நீங்களே சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. பாவம், அவர் மனம் நொந்துபோகும்.

"சரி, முதல்நிலை வகுப்புலயே சேந்துடறேன்" என்றேன்.

"அதுலதான் சிக்கல். முதல்நிலை ஒண்ணும் தெரியாதவங்களுக்கு. முன்னாடி ஒரு தடவை, தெரிஞ்சவர் ஒருத்தர் ஏமாத்தி உள்ள போய் உக்காந்துட்டார். வாத்தியார் கேள்விய முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லிட்டார். வாத்தியார் மனசு உடைஞ்சு லீவு போட்டவர்தான், இன்னும் வரல. அதுலேர்ந்துதான் அறியாமைத் தகுதித் தேர்வு வச்சிருக்கோம். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க நிரூபிச்சா, நாங்க சொல்லிக்குடுப்போம்."

"எனக்குத்தான் தெரியுமே?"

"அப்படி ஒரேயடியா மனச விட்டுடாதீங்க சார். மறதிக் கூடம் இருக்கு. உங்களை மாதிரி எத்தனை பேரைத் தேத்தியிருக்கோம்!"

மறதிக் கூடம் என்பது வாரியத்தின் பின்பக்கத்தில் ஒரு நீண்ட அறை. சுவரில் பெரிய தொலைக்காட்சி. அதில் அந்த நாட்டு அலைவரிசை ஓடும், சத்தம் மட்டும் இருக்காது. சத்தமில்லாமல் பார்க்கப் பார்க்க, சத்தத்தோடு பார்த்து ஏறியது இறங்கிவிடும் என்பது வாரியத்தின் ஆராய்ச்சி முடிவு. கண்காணிப்பாளர் ரிமோட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்.

உள்ளே என்னைப் போல இருவர். ஒருவர் லாரி ஓட்டுநர். ராத்திரி ஓட்டத்தில் ரேடியோ கேட்டே மொழி வந்துவிட்டது. மற்றவர் முடிதிருத்துகிறவர், கடையில் ஓடிய பாட்டுகளிலிருந்து. இருவருக்கும் அந்த நாட்டில் வேலை காத்திருந்தது.

எனக்கு அதுவரை அந்த மொழியில் பேச ஒரு மனிதர் கிடைத்ததில்லை. முதல் நாளே மாவு ஆலைத் தொடர் வந்தது. வாய் அசைகிறது, குரல் இல்லை. மூன்று பேருக்கும் தாங்கவில்லை. ஆலை முதலாளிக்கு நான் குரல் கொடுத்தேன். மருமகளுக்கு முடிதிருத்துகிறவர், மனம் உருகும்படி. வக்கீலுக்கு லாரி ஓட்டுநர். சொத்து வழக்கைப் பந்தாட்டம் போல வர்ணித்தார். இடைவேளையில் விவாதம். மருமகள் செய்தது சரியா தவறா என்று ஒருநாள் கைகலப்பு வரைக்கும் போனது, அந்த மொழியிலேயே.

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். "என்ன சத்தம்? டிவியா?"

"இல்லங்க, நாங்கதான் பேசிக்கறோம்."

"அப்ப சரி. டிவி சத்தம்தான் கூடாது."

கூடத்தை விட்டு வெளியே வரும்போது என் மொழி, உள்ளே போனபோது இருந்ததைவிட எவ்வளவோ தேவலை. "முழுமையாக மறந்தார்" என்று எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். முத்திரை நேராக விழவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

வீட்டில் என் மனைவி என்னைத் தேர்வுக்குத் தயார் செய்தாள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் எழுதிக் கொடுத்த அந்நிய வாக்கியங்களை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். நான் புரியாமல் முழிக்க வேண்டும்.

"இது முழியா? யாரையோ சஸ்பெண்ட் பண்ணப் போற மாதிரி இருக்கு" என்றாள்.

"இயல்பா வர மாட்டேங்குது."

"புருவத்த ஏன் தூக்கறீங்க? புருவம் தூக்கினா யோசிக்கறீங்கன்னு அர்த்தம். யோசனையே வரக்கூடாது. இங்க பாருங்க."

அவள் செய்து காட்டினாள். நான் அசந்துபோனேன். கண் திறந்திருக்கிறது, உள்ளே விளக்கு இல்லை. முகத்தில் மரியாதை இருக்கிறது, அர்த்தம் இல்லை. துடைத்துவைத்த தட்டு மாதிரி ஒரு முகம். இவ்வளவு காலம் கூடவே இருந்தும் இந்தத் திறமையை நான் கவனித்ததில்லை.

"உனக்கு எப்படி வருது?"

"எனக்கென்னங்க தெரியும்? சும்மா செஞ்சேன்" என்று பட்டாணிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேர்வு நாளில் வாரியத் தலைவரே வந்து எங்களுக்கு உரையாற்றினார். கழுத்துப்பட்டை கட்டிய கம்பீரமான மனிதர்.

"இந்த வாரியம் ஆரம்பிச்ச காலத்துல இங்க மொழி தெரிஞ்சவங்க நிறைய பேர் இருந்தாங்க. சான்றிதழ் வச்சிருந்தவங்க ரொம்பக் கம்மி. எவ்வளவு பெரிய அவமானம்! இன்னைக்கு அந்த நிலைமைய அடியோட மாத்திக் காட்டியிருக்கோம். சான்றிதழ் இல்லாத வீடே இல்ல. மொழி தெரிஞ்சவங்களப் பத்தி எங்ககிட்ட இப்போ புள்ளிவிவரம் கிடையாது. தேவைப்படல."

எல்லோரும் கை தட்டினோம்.

லாரி ஓட்டுநர் முதலில் போனார். விடிய விடிய வண்டி ஓட்டிவிட்டு வந்தவர், எல்லாக் கேள்விக்கும் தூங்கினார். தேறிவிட்டார்.

அடுத்து நான். மேசைக்குப் பின்னால் தலைவரும் இரண்டு தேர்வாளர்களும். ஒரு தேர்வாளர் அந்த மொழியில், "உங்கள் தோளில் பல்லி உட்கார்ந்திருக்கிறது" என்றார். எனக்குத் தோள் கூசியது. அசையவில்லை. இன்னொருவர், "கட்டடத்தில் தீப்பிடித்துவிட்டது, ஓடுங்கள்" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார். என் கண்ணில் கல்யாணக் கூடம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அப்போது முதல் தேர்வாளர் என் மனுவை ஒருமுறை பார்த்துவிட்டு, மற்றவரிடம் சாதாரணமாகச் சொல்வது போல அந்த மொழியில் சொன்னார்: "இவர் முத்திரை போட்ட தராசுகள் எல்லாமே பொய்த் தராசுகள்தானாம்."

எழுந்தது நான்தான் என்று பிற்பாடுதான் எனக்கே தெரிந்தது. நாற்காலி பின்னால் விழுந்தது. ஆலை முதலாளியின் குரலும் என் குரலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன.

"ஐயா! என் முத்திரை விழுந்த தராசில் உங்கள் நாக்கை ஒருமுறை வைத்துப் பாருங்கள். அதற்கு எடையே இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும்!"

தலைவர் தன்னை மறந்து, "என்ன உச்சரிப்பு!" என்றார். பிறகு பேனாவை எடுத்து, "தேறவில்லை" என்று எழுதினார்.

வெளியே வந்தபோது அவரே கூட வந்து என் தோளைத் தொட்டார். "மனசுல வச்சுக்காதீங்க. அது தொழிலுக்குத் தகுந்த மாதிரி நாங்க தயாரிச்சு வச்சிருக்கற வாக்கியம். டாக்டருக்கு ஒண்ணு, சமையல்காரருக்கு ஒண்ணு இருக்கு. தெரிஞ்சவங்க அங்கதான் மாட்டுவாங்க."

"தெரியாதவங்க?"

"சிரிச்சுக்கிட்டே நன்றி சொல்லிட்டுப் போவாங்க."

பெஞ்சில் என் மனைவி ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடும்ப வரலாற்றின் முதல் தோல்வியை அவளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஃபிளாஸ்க்கை என்னிடம் கொடுத்தாள்.

"பெத்தவங்கள்ல யார்கிட்ட சான்றிதழ் இருந்தாலும் சரிதானே? நான் ஒரு எட்டு உள்ள போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டாள், கடைக்குப் போய்வரும் குரலில்.

அவள் உள்ளே என்ன செய்தாள் என்பதை முறைசாராப் பிரிவு அதிகாரி எனக்கு வந்து சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பல்லிக்கு அசைவில்லை. தீக்கு அசைவில்லை. கடைசியில் இல்லத்தரசிகளுக்கென்றே வைத்திருக்கும் வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: "இந்த அம்மாவின் கணவர் வெளியில்தான் புலி, வீட்டில் வெறும் முட்டாள்." அப்போது அவள் உதட்டோரத்தில் ஏதோ லேசாக அசைந்ததாம். அது புன்னகையா, இல்லையா என்று மூவரும் வெகுநேரம் விவாதித்து, "இயல்பான முகத்தோற்றம்" என்று முடிவு செய்தார்களாம்.

"வாரியத்தோட சரித்திரத்துலயே இப்படி ஒரு அறியாமைய நாங்க பாத்ததில்ல சார்" என்றார்.

படியிறங்கும்போது அவளிடம் கேட்டேன். "உண்மையச் சொல்லு. உனக்கு அந்த மொழி எவ்வளவு தெரியும்?"

"நீங்க மாவு ஆலைய டிவி திசையில முகத்த வச்சுப் பாத்தீங்க. நான் டிவியவே பாத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்ப எப்படி உன்னால..."

"உங்க வீட்டுக்கு வந்த நாளா ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்து பழகினவ நான். மொதல்ல உங்க அம்மாகிட்ட, அப்புறம் உங்க தங்கச்சிங்ககிட்ட, அப்புறம் உங்ககிட்ட. இதுலகூடவா மார்க் வாங்க மாட்டேன்?"

எங்கள் குடும்பத்தின் பயிற்சி வீண்போகவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் வகுப்புக்குப் போனாள். "இன்னைக்கு வாத்தியார் நாற்காலின்னா என்னன்னு சொல்லிக்குடுத்தார்" என்பாள். "அதான் உனக்குத் தெரியுமே" என்றால், "அவர் எவ்வளவு ஆசையா அந்த நாற்காலியத் தொட்டுக் காட்டறார் தெரியுமா? எனக்குத் தெரியும்னு எப்படிங்க சொல்றது?" என்பாள். சான்றிதழ் வந்தது.

சான்றிதழ் உள்ளவர் தன்னோடு மொழியற்ற துணை ஒருவரை அழைத்துச் செல்லலாம் என்று ஒரு விதி இருந்தது. நான் தலைவரிடம் போனேன்.

"எனக்கு மொழி தெரியும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, நான் எப்படி மொழியற்ற துணையாவேன்?"

"நான் எழுதினது தேறலைன்னு. மொழித் தேர்ச்சி வாரியத்துல தேறாதவருக்கு மொழி தெரியும்னு நாங்களே சொன்னா, எங்களை யார் மதிப்பாங்க? எங்க கணக்குப்படி உங்களுக்கு மொழி தெரியாது. நீங்க அந்தக் கணக்குக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கணும், அவ்வளவுதான். அந்த நாட்டுல இருக்கற வரைக்கும் அந்த மொழியில ஒரு வார்த்தை பேசமாட்டேன், புரிஞ்சதா காட்டிக்கமாட்டேன்னு ஒரு கையெழுத்து. மீறினா அம்மாவோட சான்றிதழ் ரத்து."

சபையில் எழுந்து நிற்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மனதுக்குள் ஒத்திகை பார்த்தவன் நான். பேனா கொஞ்ச நேரம் கையிலேயே இருந்தது. பேசாத தகப்பனாகப் போவதா, போகாத தகப்பனாக இருப்பதா? போட்டேன். போட்ட கையெழுத்தை மீறுவதும் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் உரையை வரி வரியாக மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடைசி நாள் வரை புருவத்தைத் தூக்காமல் கேட்டுக்கொண்டாள்.

சம்பந்தி ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆஜானுபாகு. என்னைக் கட்டிப் பிடித்து, காதருகே வந்து, "வ-ர-வே-ற்-கி-றோம்!" என்று அவர் மொழியில் கத்தினார். மொழி தெரியாதவருக்குக் காதும் கேட்காது என்ற நம்பிக்கை அந்த நாட்டிலும் இருக்கிறது. சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே தன் அக்காவிடம், "முறைப்பாக இருக்கிறார், ஆனால் கண் நல்ல கண்" என்றார். நான் சுவரைப் பார்த்தேன்.

நீளமான கூடம். வெள்ளை விரிப்பு போட்ட மேசைகள். மகள் எனக்கு ஒரு பக்கம், மாப்பிள்ளை அவளுக்கு அந்தப் பக்கம். பெண் வீட்டார் சார்பில் என் மனைவி எழுந்தாள். முதல் சில வரிகள் நான் சொல்லிக் கொடுத்தபடியே வந்தன. அடுத்து 'இரு குடும்பங்களின் மாண்பு' என்று வர வேண்டும். அவள் நிறுத்தினாள். சேலைத் தலைப்பால் வாயை ஒற்றிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், அந்த மொழியில் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"என் கணவர் இந்தக் கல்யாணத்துக்குப் பல மாதம் சம்மதம் தரவில்லை. மாப்பிள்ளைக்கு அது மனக்குறையாக இருந்திருக்கும். ஆனால் சம்மதமில்லை என்று சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே இவர் கடைத்தெருவுக்குப் போனார். உங்கள் நாட்டு அலைவரிசை எங்கள் வீட்டில் தெரிய ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். என்னிடம் அது விளையாட்டுச் செய்திக்கு என்றார். வேண்டாம், வேண்டாம் என்று மகளிடம் போனில் சொல்லிவிட்டு, நேராகப் போய் அதன் முன்னால் உட்காருவார். பாவம், ஒரு வார்த்தைகூட அவருக்கு ஏறவில்லை. ஆனாலும் ஒரு நாள் தவறாமல் கேட்டார். மகள் இனிமேல் எந்தச் சத்தத்துக்கு நடுவில் இருக்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது."

கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. ரயில் ஓட்டியவர் மூக்கைச் சிந்தினார். நான் புருவத்தைத் தூக்கவில்லை.

மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கீழே குனிந்திருந்தாள்.

"அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டேன். ஒன்றும் தெரியாதவன் கேட்க வேண்டிய கேள்வி அதுதானே.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே வந்தாள்.

"நீங்க ரொம்பக் கறாரானவர்னு சொன்னாங்கப்பா. கடைசி வரைக்கும் விட்டுக்குடுக்கவே இல்லையாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்ப்பா."

"சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றேன்.

அவள் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை. மொழி தெரியாத ஊரில் ஒரு பிடி வேண்டுமல்லவா.